கருவாடு பொரிக்கிற வீட்டுக்கு எந்த அலாரம்?

கண்டியில் தொடர்மாடி வீடு ஒன்றுக்குப் புதிதாகக் குடிபோன ஒரு ஜோடி போன மாதம் கேட்டார்கள்: "அண்ணே, ஸ்மோக் அலாரம் ஒண்ணு போடலாம்னு இருக்கோம், கடையில நாலு வகை காட்டுறாங்க, ஒண்ணோட விலைக்கும் மத்ததோட விலைக்கும் சம்பந்தமே இல்ல, எதை எடுக்கிறது?" அதே கேள்வியை நுவரெலியாவில் இருக்கும் ஓர் அக்கா தலைகீழாகக் கேட்டார்: "போட்டிருக்கிற அலாரம் பனி வந்தாலே கத்துது தம்பி, கழட்டிரட்டுமா?"

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டு மானத்தைக் கொஞ்சம் வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு ஹட்டனில், கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில். சில வருஷத்துக்கு முன் மச்சான் டுபாயில் இருந்து வந்தபோது ஒரு புகை அலாரம் கொண்டுவந்து தந்தார். நானும் பெருமையாக ஸ்டூல் போட்டு ஏறி, குசினி வாசலுக்கு வெளியே, அடுப்பில் இருந்து ஏழெட்டு அடி தள்ளி சீலிங்கில் பொருத்தினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா கருவாடு பொரித்தார், அது கத்தியது. அடுத்த நாள் காலை ரொட்டி சுட்டார், கத்தியது. காய்ந்த மிளகாய் தாளித்ததற்குக் கத்திய கத்தலில் கீழ்க்கடை அண்ணன் படியேறி வந்துவிட்டார். ஒரு மாதத்தில் சத்தம் நின்றுவிட்டது, அம்மா கருவாட்டைக் குறைத்துக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்துக் குளிரில் ஓர் இரவு, பிள்ளைக்குப் பால் கரைக்க எழுந்த மனைவிதான் பிளாஸ்டிக் கருகும் வாடை என்று என்னை எழுப்பினாள். ரூம் ஹீட்டரைச் செருகியிருந்த மல்டி பிளக் உருகி பழுப்பு நிறத்தில் வழிந்து நின்றது, அதற்கு மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு டோர்ச் அடித்து சீலிங்கைப் பார்த்தேன். அலாரத்துக்கு ஒரு ஷொப்பிங் பேக்கை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது, பையின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. எட்டு மாதமாக அப்படியே இருந்திருக்கிறது. காலையில் அம்மாவிடம் கேட்டால், "அந்தப் பேய்க்கு வாயைக் கட்டாம நான் எப்படிய்யா சமைக்கிறது?" என்கிறார். அம்மா மேல் தப்பில்லை. நான் தப்பான வகையைத் தப்பான இடத்தில் மாட்டியிருந்தேன். அன்றிலிருந்து யார் அலாரம் பற்றிக் கேட்டாலும் என் முதல் கேள்வி, உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்பதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

கடைக்காரர் விலையில் இருந்து ஆரம்பிப்பார், அது அவர் வேலை. நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, எந்த மாதிரித் தீக்கு அது சீக்கிரம் கத்தும். எண்ணெய்ச் சட்டி, மண்ணெண்ணெய், ஜன்னல் திரை இதெல்லாம் குப்பென்று பற்றும். மெத்தை, சோபா, வயர், மல்டி பிளக் இதெல்லாம் சுடரே இல்லாமல் நீண்ட நேரம் புகைந்துகொண்டு கிடக்கும். இரவில் நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டாவதுக்குத்தான், ஏனென்றால் நெருப்பு வந்து தொடுவதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடும், அதுவும் ஸ்பொன்ஜ் மெத்தை புகைந்தால் வருவது வெறும் புகையில்லை, விஷவாயு. "வாடை வந்தா முழிச்சுக்குவேன்" என்று நம்பிப் படுக்காதீர்கள், தூக்கத்தில் மூக்கும் தூங்கிவிடும். என் மனைவி எழுந்தது பிள்ளை அழுததால்.

இரண்டாவது, தீ இல்லாத நேரத்தில் எத்தனை தடவை கத்தும். இதைத்தான் எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள், கடைசியில் ஷொப்பிங் பேக்கில் போய் முடிகிறது.

மூன்றாவது, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஒரே அடியாகப் போனது. கரண்ட் இல்லாத இரவில்தான் வீட்டில் மெழுகுதிரியும் குப்பிலாம்பும் எரியும். அன்றைக்குப் பார்த்து அலாரமும் செத்துக் கிடந்தால் எதற்கு அது?

நான்காவது, குளிரும் ஈரமும். இந்தச் சாமான்களில் அநேகமானவை மிதமான, காய்ந்த வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. எங்கள் ஊர்களில் மழைக்காலத்தில் அலமாரிக்குள் சட்டை பூஞ்சணம் பிடிக்கிறது, மின்சாதனம் மட்டும் தப்புமா?

ஐந்தாவது, பத்து வருஷத்துக் கணக்கு. புகை அலாரத்துக்கு ஆயுசு பத்து வருஷம், அதற்குமேல் பட்டனை அமுக்கிச் சத்தம் வந்தாலும் நம்பக்கூடாது. அதனால் வாங்கும் விலையோடு பத்து வருஷத்துப் பேட்டரி, பொருத்தும் கூலி, ஸ்டூல் போட்டு ஏறி இறங்கும் தொல்லை எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

## அயனி வகைப் புகை அலாரம்

மச்சான் கொண்டுவந்தது இந்த வகை. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு பொட்டளவு இருக்கும், அது காற்றை மின்னேற்றி ஒரு சின்ன மின்னோட்டத்தை ஓடவைக்கும், புகைத்துகள் புகுந்தால் அந்த ஓட்டம் குறையும், உடனே கத்தும். குப்பென்று பற்றும் தீயில் வரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களுக்கு இது படு வேகம். சிக்கல் என்னவென்றால், சூடான எண்ணெய்ச் சட்டியில் இருந்தும் அதே மாதிரி நுண்ணிய துகள்தான் கிளம்புகிறது. அலாரத்துக்குக் கருவாடும் தீயும் ஒன்று. ஆனால் மல்டி பிளக் மெதுவாகப் புகைந்தால் இது நிமிடக்கணக்கில் தாமதிக்கும். தேவையில்லாதபோது கத்தி, தேவையானபோது யோசிக்கும் ஆளை வீட்டில் வைத்திருப்பது மாதிரி.

கதிரியக்கம் என்றதும் பயந்துவிட வேண்டாம். அதில் இருந்து வரும் ஆல்ஃபா துகளை ஒரு தாள்கூட மறித்துவிடும், சீலிங்கில் இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது. மறைசெலவு வேறு இடத்தில் இருக்கிறது: ஆயுசு முடிந்த பிறகு அதை என்ன செய்வது? உடைக்கக்கூடாது, குப்பையோடு எரிக்கக்கூடாது, அமெரிசியம் பாதியாகக் குறைவதற்கே 432 வருஷம் ஆகும். பின்பக்கத்தில் மூன்று இதழ் மாதிரிக் கதிரியக்கச் சின்னமோ அமெரிசியம் என்ற பெயரோ இருந்தால் இந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

யாருக்கு இது பரவாயில்லை? ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு. குசினிக்கு நேர் எதிர்க் கோடியில் உள்ள காம்பராவில், இன்னொரு ஒளி வகை அலாரத்துக்குத் துணையாக மாட்டுங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்க நான் சொல்லமாட்டேன்.

## ஒளி வகைப் புகை அலாரம்

ரம்பொடைப் பக்கம் பனிமூட்டத்தில் பஸ் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பஸ் கண்ணுக்குத் தெரியாது, அதன் வெளிச்சம் மட்டும் இரண்டு தூணாகத் தெரியும். பனி இல்லாத நாளில் அந்தத் தூண் இல்லை, வெளிச்சம் நேராகப் போய்விடும். ஒளி வகை அலாரத்தின் வேலையும் இதுதான். உள்ளே ஓர் இருட்டறை, ஒரு சின்ன எல்இடி, அந்த வெளிச்சம் நேராகப் படாதபடி ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஓர் உணரி. புகை புகுந்தால் வெளிச்சம் சிதறி உணரியில் படும், கத்தும்.

மெத்தை, வயர், சோபா புகையும்போது வருவது பெரிய துகள், வெளிச்சத்தை நன்றாகச் சிதறடிக்கும், அதனால் இந்த வகை அங்கே முந்திக்கொள்ளும். எண்ணெய்ப் புகைக்கு அயனி வகை அளவுக்குப் பதறாது. தூங்கும் இடத்துக்கும் நடைக்கும் இதுதான் சரி, இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

நுவரெலியா அக்காவின் பிரச்சினையும் அதே பஸ் கதையில் இருக்கிறது. புகைக்கும் பனிக்கும் அந்த உணரிக்கு வித்தியாசம் தெரியாது. அவர் வீட்டில் அலாரம் எங்கே இருக்கிறது என்று ஒரு படம் அனுப்பச் சொன்னேன். ஜன்னலுக்கு நேர் மேலே, ஓர் அடி தள்ளி. பின்னேரம் நாலு மணிக்கு ஜன்னல் திறந்திருக்கும்போது பனி இறங்கி நேராக அதன் வாய்க்குள் போகிறது. கழற்ற வேண்டியதில்லை, காம்பராவின் நடுப்பக்கமாக நகர்த்தினால் போதும் என்றேன், நகர்த்திய பிறகு ஒரே ஒரு தடவைதான் கத்தியதாம், அதுவும் வெள்ளிக்கிழமை, சாம்பிராணி கொஞ்சம் கூடிவிட்டதாம்.

ஆவியும் இதே கதைதான். சுடுதண்ணீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் வெளியே வரும் ஆவி, பிட்டுக் குழலில் இருந்து எழும்பும் ஆவி, இடியப்பத் தட்டைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவி, எல்லாம் இதைக் கத்தவைக்கும். குளியலறை வாசலுக்கு மேலேயும் குசினிக்குள்ளேயும் இதை மாட்டக்கூடாது. அடுப்பில் இருந்து பத்து அடியாவது, அதாவது மூன்று மீட்டர், தள்ளி இருக்கட்டும்.

இன்னொரு தொல்லையைப் பற்றி பெட்டியில் எழுதியிருக்கமாட்டார்கள். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்புமே, அது பல்பைச் சுற்றும், பல்புக்குப் பக்கத்தில் அலாரம் இருந்தால் அதற்குள்ளும் புகும். புகையைப் போலவே பூச்சியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பல்பில் இருந்து ஓர் அடி தள்ளி மாட்டுங்கள், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் ஓரங்களைத் தட்டிவிடுங்கள். தீபாவளிக்கு பெயின்ட் அடிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு வேலை முடிந்ததும் அன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். பெயின்ட் பட்ட அலாரம் குப்பைக்குத்தான்.

## ஹீட் அலாரம்

இதற்குப் புகை, பனி, ஆவி, சாம்பிராணி எதுவும் தெரியாது. தான் இருக்கும் இடத்தில் சூடு ஏறினால் மட்டும் கத்தும். வீட்டுக்கு விற்பவை பெரும்பாலும் 58 பாகை செல்சியஸ் அளவில் கத்தும்படி செய்திருப்பார்கள், சில வகைகள் அதோடு சேர்த்து நிமிடத்துக்கு எட்டு பாகைக்கு மேல் வேகமாக ஏறினாலும் கத்தும்.

குசினிக்கு இதைவிட ஏற்றது இல்லை. அம்மா இப்போது கருவாடு பொரிக்கிறார், மாசி வறுக்கிறார், அரைக்கிலோ மிளகாயைக்கூட வறுத்துத் தூளாக்கி முடித்தார், அது வாயைத் திறக்கவில்லை. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் மாட்டாதீர்கள், குசினியின் நடுவில் மாட்டுங்கள்.

ஆனால் இதை மட்டும் வாங்கி வீடு முழுக்க மாட்டிவிட்டுத் தூங்கலாமா என்று கேட்டால், கூடாது. படுக்கையறையில் மெத்தை புகையும்போது சீலிங்கில் 58 பாகை வருவதற்குள் படுத்திருப்பவர் எழும்ப முடியாத நிலைக்குப் போயிருப்பார். ஹீட் அலாரம் குசினியைக் காவல் காக்கும், ஆளைக் காக்க புகை அலாரம் வேண்டும். இது எட்டும் தூரமும் குறைவு: பிரிட்டிஷ் தரக்கணக்கில் புகை அலாரத்துக்கு சுற்றிலும் ஏழரை மீட்டர் என்றால் இதற்கு 5.3 மீட்டர். வழக்கமான குசினிக்கு ஒன்று தாராளம்.

மறைசெலவு, தேடும் அலைச்சல். மலையகத்து ஹார்ட்வெயார் கடைகளில் புகை அலாரமாவது கிடைக்கும், ஹீட் அலாரம் கேட்டால் பாதிப்பேர் ரூம் ஹீட்டரை எடுத்துக் காட்டுவார்கள். நான் கொழும்பில் இருந்துதான் எடுப்பித்தேன், விலையும் புகை அலாரத்தைவிடக் கூட.

தகரக் கூரைக்கு நேர் கீழே, சீலிங் இல்லாத மேல்மாடியில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பங்குனி வெயிலில் தகரத்தின் அடிப்பக்கம் கொதிக்கும், விடிகாலையில் அதே தகரம் வியர்த்துச் சொட்டும். எந்த வகையாக இருந்தாலும் தகரத்தில் நேராக ஒட்டாமல் ஒரு பலகைத் துண்டை இறக்கி அதில் மாட்டுங்கள்.

## கேஸ் அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும்

இவை இரண்டும் தீ அலாரம் இல்லை, ஆனால் ஆட்கள் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டதாக நினைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்தியாக வந்துகொண்டிருந்தபோது கேஸ் அலாரத்துக்கு ஒரு பெரிய கிராக்கி வந்தது. வாங்கிய பலர் அதைப் புகை அலாரம் மாதிரி உயரத்தில் மாட்டினார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தண்ணீர் மாதிரித் தரையில்தான் பரவும். தரையில் இருந்து ஓர் அடிக்குள் மாட்டினால்தான் அதற்குப் பிடிபடும். இதில் பெரும்பாலானவை பிளக்கில் ஓடுபவை, கரண்ட் போனால் இதுவும் போய்விடும். என்னைக் கேட்டால் முதலில் கேஸ் ட்யூபையும் ரெகுலேட்டரையும் புதிதாக மாற்றுங்கள், காசு மிஞ்சினால் இதை வாங்குங்கள். கேஸில் வாடை கலந்துதான் விடுகிறார்கள், முழித்திருக்கும்போது நல்ல மூக்குக்கு அது போதும்.

கார்பன் மொனொக்சைட் அப்படியில்லை. நிறமில்லை, வாடையில்லை. குளிருக்குக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவை அடைத்துப் படுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை, கேஸ் கீஸர் குளியலறைக்குள்ளேயே இருக்கும் வீடுகளும் உண்டு. தணலாகிவிட்ட கரியில் புகையே இருக்காது, புகை அலாரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். கரிச்சட்டியைத் தூக்கி வெளியே வைப்பதுதான் முதல் மருந்து. கேஸ் கீஸரைத் தவிர்க்க முடியாத வீட்டுக்கு ஈஎன் 50291 என்று எழுதியிருக்கும் அலாரம் ஒன்று கட்டாயம்.

| | அயனி வகை | ஒளி வகை | ஹீட் அலாரம் |
|---|---|---|---|
| மெத்தை, வயர் புகைதல் | தாமதம் | வேகம் | மிகத் தாமதம் |
| குப்பென்று பற்றும் தீ | மிக வேகம் | வேகம் | அதே அறையில் என்றால் சரி |
| கருவாடு, ரொட்டி, தாளிப்பு | ஓயாமல் கத்தும் | கிட்ட இருந்தால் கத்தும் | கத்தாது |
| பனிமூட்டம், ஆவி | சில நேரம் | கத்தும், இடம் மாற்ற வேண்டும் | கத்தாது |
| எங்கே | தூரத்துக் காம்பரா | நடை, படுக்கையறை, கூடம் | குசினி |
| மறைசெலவு | ஆயுசு முடிந்ததும் கழிப்பது | துப்புரவு, ஈசல் | தேடிப் பிடிப்பது |

## பேட்டரியா, வயரிங்கா, வைஃபையா

வகை முடிவானதும் அடுத்த தலையிடி இது.

9 வோல்ட் பேட்டரி போடுவது. கடையில் விலை குறைந்தது இதுதான். வருஷத்துக்கு ஒரு நல்ல பேட்டரி என்று வைத்தால் பத்து வருஷத்துக்குப் பத்து, அந்தக் கணக்கைப் போட்டால் மலிவு என்ற பேச்சு அடிபட்டுப் போகும். பேட்டரி இறங்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை "கீச்" என்று ஒரு சத்தம் வரும், அது பெரும்பாலும் விடியச்சாமம் மூன்று மணிக்குத்தான் வரும். பேய் பிசாசு ஒன்றுமில்லை, குளிரில் பேட்டரியின் வோல்ட் இறங்குகிறது, நாட்டின் மற்ற இடங்களைவிட நமக்கு அது சீக்கிரம். அந்த நேரத்தில் யாரும் புதுப் பேட்டரி தேடமாட்டார்கள், கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படுப்பார்கள். அந்தப் பேட்டரி அப்புறம் பிள்ளையின் விளையாட்டுக் காருக்குப் போய்விடும். வாடகை வீட்டில் இருப்பவருக்கும், மாதம் ஒருமுறை பட்டனை அமுக்கிப் பார்க்கும் ஒழுங்குள்ளவருக்கும் இது போதும்.

பத்து வருஷத்துக்கு மூடி வரும் லித்தியம் பேட்டரி. விலை ஒரே தடவையில் கூட, அப்புறம் செலவில்லை. பேட்டரியைக் கழற்ற முடியாது என்பதே பெரிய நன்மை, யாரும் அதை ரிமோட்டுக்கு எடுத்துப் போடமுடியாது. குறை, நடுவில் கெட்டுப்போனால் மொத்தமாக வீசவேண்டும். வாடகை வீட்டை விட்டுப் போகும்போது இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம். மலையகத்துத் தொடர்மாடி வீடுகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கரண்டில் ஓடி, உள்ளே பேட்டரியும் இருப்பது. சொந்த வீடு, புதிதாக வயரிங் நடக்கிறது என்றால் இதைப்போல ஒன்றில்லை. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்படி வயரால் இணைத்துவிடலாம். தனி பிரேக்கரில் போடாமல் தினமும் எரிக்கும் லைட் சர்க்யூட்டில் கொடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அந்தப் பக்கம் கரண்ட் போனது உங்களுக்கு உடனே தெரியும். ஏற்கெனவே பூசி பெயின்ட் அடித்த வீட்டில் வயரிங் பாஸ் கேட்கும் கூலி அலாரத்தின் விலையைத் தாண்டிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடிமின்னல் இன்னொரு பயம், பக்கத்தில் விழுந்தால் டிவி, ரவுட்டரோடு இதுவும் போகலாம்.

வைஃபை வகை. கொழும்பில் வேலை, அப்பா அம்மா மட்டும் பண்டாரவளையில் என்றால் போனுக்குச் செய்தி வருவது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் கரண்ட் போனால் ரவுட்டர் போகும், ரவுட்டர் போனால் செய்தி வராது, அலாரம் அங்கேயே கத்தும் அவ்வளவுதான். ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொள்ளும் வகைக்கு ரவுட்டர் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் நான் ரேடியோ வகையைத்தான் எடுப்பேன்.

## கடையில் ஏமாறும் இடங்கள்

பெரிய ஏமாற்றம் பெயரில் இருக்கிறது. டிடெக்டர் வேறு, அலாரம் வேறு. சிசிடிவி சாமான் விற்கும் கடைகளில் வெள்ளையாக, வட்டமாக, பார்க்க அதே மாதிரி ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது ஹோட்டல்களிலும் ஒஃபிஸ்களிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வயரில் இணைத்துப் போடுவது, தனியாகச் சத்தம் போடாது. என் சித்தப்பா மகன் கம்பளையில் தன் வீட்டுக்கு நாலு வாங்கி சீலிங்கில் அழகாக ஒட்டி வைத்திருந்தான். பட்டன் எங்கே என்று கேட்டேன், தேடினான், பட்டனே இல்லை. சோதிக்கும் பட்டன் இல்லாததை, அமுக்கினால் காது கிழியச் சத்தம் வராததை வாங்காதீர்கள். மூன்று மீட்டர் தள்ளி 85 டெசிபல் வரவேண்டும் என்பது தரக்கணக்கு, கடைக்குள்ளேயே அமுக்கிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது திகதி. பின்பக்கத்தில் செய்த திகதி அடித்திருக்கும். பத்து வருஷம் அங்கிருந்துதான் ஓடுகிறது, நீங்கள் காசு கொடுத்த நாளில் இருந்து இல்லை. வெளிநாட்டில் இருந்து யாராவது கழற்றிக் கொண்டுவந்து தந்தால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் தரக்குறி. புகை அலாரத்துக்கு ஈஎன் 14604 அல்லது யூஎல் 217, ஹீட் அலாரத்துக்கு பிஎஸ் 5446-2. பெட்டியில் மட்டுமில்லாமல் சாமானிலும் அது அச்சிட்டிருக்க வேண்டும்.

## எந்த வீட்டுக்கு எது

கண்டி ஜோடிக்கு நான் சொன்னது: குசினியில் ஒரு ஹீட் அலாரம், படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில் ஒளி வகை ஒன்று, இரண்டும் மூடிய பேட்டரி. காசு இன்னும் இருந்தால் ஹீட்டரோ போன் சார்ஜரோ இரவில் ஓடும் படுக்கையறைக்கு இன்னொரு ஒளி வகை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நடையில் ஒளி வகை. குசினித் தீயின் புகையும் அங்கே வந்து சேரும், கொஞ்சம் தாமதமாக.

எங்களைப் போல கடைகளுக்கு மேலே இருப்பவர்கள் கணக்கை மாற்றிப் போடவேண்டும். எங்களுக்குத் தீ உள்ளே இருந்துதான் வரும் என்றில்லை. கீழே கொத்து ரொட்டிக் கடை, பக்கத்தில் துணிக்கடை, இறங்க ஒரே படி. புகை படிக்கட்டை ஒரு குழாய் மாதிரிப் பிடித்துக்கொண்டு மேலே வரும், கதவுக்கு அடியால் நுழையும். அதனால் ஒளி வகை அலாரத்தை வெளிக்கதவுக்கு உள்பக்கமாக, சுவரில் இருந்து ஓர் அடி தள்ளி சீலிங்கில் மாட்டியிருக்கிறேன். சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் புகை லேசில் போய்ச் சேராது, அங்கே மட்டும் வேண்டாம். தீயணைப்புக்கு 110 என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிவைத்திருக்கிறோம், ஆனால் வண்டி ஏறி வரவேண்டிய பாதை எப்படி என்று நமக்குத் தெரியும், அலாரம் தரும் இரண்டு மூன்று நிமிடம் நாமே இறங்குவதற்கு.

ஒற்றைக் காம்பரா அனெக்ஸில் சமையலும் படுக்கையும் ஒன்றாக இருந்தால் வழி இல்லை, அடுப்புக்கு எதிர்க் கோடியில் ஒளி வகை ஒன்றை மாட்டி, சத்தத்தைப் பத்து நிமிடம் அடக்கும் பட்டன் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கத்தினால் பட்டனை அமுக்குவது ஷொப்பிங் பேக் போடுவதைவிட லேசு.

தொடர்மாடி வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் லயத்தை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், மேலே ஒரே கூரை, ஒரு வீட்டில் பிடித்தால் கூரைக்குள்ளாலேயே அடுத்த வீட்டுக்குப் போகும். விறகடுப்பு எரியும் இடத்தில் எந்தப் புகை அலாரமும் ஒரு நாள் தாக்குப்பிடிக்காது. அடுப்படிக்கு ஹீட் அலாரம், முன்காம்பராவில் விறகுப் புகை வராத கோடியில் ஒளி வகை, அதுவும் புகைபோக்கி ஒழுங்காக இழுத்தால்தான். பக்கத்து வீட்டில் கத்தினால் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும், அதனால் ஒரு வீடு மாட்டினாலும் இரண்டு வீட்டுக்குப் பிரயோசனம். பெரியம்மா இருக்கும் எட்டுக் காம்பரா லயத்தில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி மாதம் ஒரு வீட்டுக்கு என்று சேர்த்து வாங்குகிறார்கள், இன்னும் மூன்று வீடு பாக்கி.